கன்றுக்கு அப்பன் யாரென்று கேட்டவர்

போடியிலிருந்து தேவாரம் வரைக்கும் டார்ச்சு அண்ணனிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருக்க வேண்டும். காலை பஸ்சில் வந்திருந்தால் அதுவும் சந்தேகம்தான். ஏலக்காய் வியாபாரி, ஜீப் டிரைவர், கோயில் பூசாரி, ரேஷன் கடைக்காரர், என் மாமியார், நான் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. மாடுகளுக்கு மட்டும் விலக்கு. உதைத்த மாட்டைக்கூட, "பரவால்ல தாயி, நான்தான் கைய சில்லுன்னு வச்சுட்டேன்" என்று தடவிக் கொடுப்பார். அப்புறம் திரும்பி, அதைச் சரியாகப் பிடிக்காத சொந்தக்காரரைத் திட்டித் தீர்ப்பார்.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். பழைய மொபெட்டின் பின்னால் சாக்குச் சுற்றிய கேன் ஒன்று இருக்கும். அதற்குள் நல்ல இனக் காளைகளின் விந்து, மெல்லிய குழல்களில் உறைந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் குளிர்ப்புகை பொங்கும். சட்டைப் பையில் பேனா அளவில் ஒரு டார்ச்சு. எந்த வீட்டில் கன்று பிறந்தாலும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வந்து, அதன் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் முற்றி, எதிரில் நிற்கும் மனிதர்களின் கண்ணிலும் அடிக்க ஆரம்பித்தார். பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொன்ன மேனேஜரின் முகத்தில் டார்ச்சை அடித்து, "கையெழுத்து சரியாத்தான் இருக்கு. ஒங்க எடது கண்ணுல பொரை விழுந்திருக்கு" என்றார். மேனேஜர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். விழுந்துதான் இருந்தது.

எங்கள் ஊர் சிலமலைப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் வருகிற சிலர் தினமும் எனக்கு எதிரில் வருகிறார்கள். நான் போடியில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். அவர் முதன்முதலாக எங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்தபோது, கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"பத்தாம் வகுப்புக்கு அந்தப் பட்டாணிப் பாடம் நடத்துறது நீங்கதானா?"

பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று சொல்லும் பாடம். ஆமாம் என்றேன்.

"வருசா வருசம் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணின்னு சொல்லிக்குடுக்குறீங்க. நம்ம பக்கம் எவன் பட்டாணி போடுறான்? வீட்டுக்கு ரெண்டு மாடு நிக்கிது. மாட்ட வச்சுச் சொன்னா பிள்ளைக பெயிலாப் போயிருமா?"

"பாடத்த நான் எழுதுறதில்லண்ணே."

"அப்ப எழுதுறவன் அட்ரஸக் குடுங்க."

கொடுத்தேன். எழுதிப் போட்டார். பதில் வராததற்குப் போஸ்ட்மேன் திட்டு வாங்கினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற ஆளாகத்தான் அவர் எனக்கு இருந்திருப்பார், அந்தக் குருட்டுக் கன்றுகள் பிறக்காமல் இருந்திருந்தால்.

முதல் கன்றை அவர் பார்த்தது மேலே, போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில். எங்கள் ஊரிலிருந்து சினையோடு விலைக்குப் போன பசு அங்கே ஈன்றிருந்தது. எஸ்டேட் கங்காணி பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுபவர். "பசு நல்லதாக்கும் சேட்டா. கன்னு மாத்ரம் செவத்துல போயி முட்டுது" என்றார். இவர் டார்ச்சை அடித்தார். இரண்டு கண்மணியிலும் பால் ஊற்றி வைத்தது போல வெள்ளை. பிறவிக் கண்புரை.

"கிரகணத்தன்னிக்குப் பசு வெளிய நின்னுச்சு, அதான்" என்றார் கங்காணி.

"கிரகணம் நாடு முழுக்கத்தான் வந்துச்சு. எல்லா ஊரு கன்னுமா செவத்துல முட்டுது?"

இறங்கி வந்தால் எங்கள் ஊரில் இன்னொன்று. அப்புறம் சிலமலையில் ஒன்று. ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து என்றார்கள் சிலர். பொட்டிபுரத்து மலையைக் குடையப் போகிறார்களாமே, அதிலிருந்து வருகிற கதிர் என்றார் டீக்கடையில் ஒருவர். "இன்னும் தோண்டாத குழியிலருந்து கதிரு வருதாக்கும்? டீயக் குடிச்சமா, சோலியப் பாத்தமான்னு போ மாப்ளே" என்று அவருக்கும் கிடைத்தது.

அண்ணனிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஊசி போட்ட, டார்ச்சு அடித்துப் பார்த்த ஒவ்வொரு மாட்டின் தாய், தாயின் தாய், எந்தக் காளை என்று எல்லாம் அதில் எழுதியிருப்பார். அவர் மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னார்: "என் கூடப்பொறந்த தங்கச்சி பேரு இவருக்குத் தெரியாது டீச்சர். சிலமலைச் செவலப் பசுவோட பாட்டி பேரு தெரியும்." அந்த நோட்டைப் புரட்டி, குருட்டுக் கன்றுகளின் வம்சத்தை மேல்நோக்கித் தேடிக்கொண்டே போனார். எல்லாக் கோடும் ஒரே காளையில் போய் நின்றன. தாய் வழியிலும் அதே காளை, தகப்பன் வழியிலும் அதே காளை.

அது சிங்காரம். எங்கள் ஊர் பால் சொசைட்டித் தலைவர் வளர்த்த ஜெர்சிக் கலப்புப் பொலிகாளை. மான் நிறம், மை தீட்டினாற்போல் கண், பார்த்தால் இன்னொரு முறை பார்க்கத் தோன்றும். அதற்குப் பிறந்த கிடாரிகள் நன்றாகப் பால் கறந்தன. அதனால் ஊரே பசுக்களை அங்கேதான் ஓட்டிக்கொண்டு போனது. பத்து வருடத்தில் மகள், பேத்தி என்று எல்லாவற்றுக்கும் அதே சிங்காரம்தான்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாட்டுக்கொட்டகைச் சுவரில் நான் சாக்பீஸால் கட்டம் போட்டேன். அவர் அதை அழித்துவிட்டு, "இப்பிடிச் சொன்னா ஒரு பயலுக்கும் வெளங்காது" என்று தன் பாணியில் சொன்னார்.

"ஒவ்வொரு கன்னும் பொறக்கும்போது ரெண்டு சீட்டு கொண்டாருது. ஆத்தா குடுத்தது ஒண்ணு, அப்பன் குடுத்தது ஒண்ணு. ஒரு சீட்டுல பழுது இருந்தாலும் இன்னொண்ணு நல்லதா இருந்தா கண்ணு தெரியும். ரெண்டும் பழுதா இருந்தாத்தான் குருடு. சிங்காரத்துக்கிட்ட ஒரு பழுது சீட்டு இருக்கு. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மகளுகள்ல பாதிக்கு அந்தச் சீட்டு போயிருச்சு. அதுகளுக்கும் கண்ணு தெரியும். இப்ப மகளையே அப்பன்கிட்ட ஓட்டுனா?"

ஓட்டினால் பழுது சீட்டும் பழுது சீட்டும் சேரும். எல்லாக் கன்றுக்கும் சேராது, எட்டில் ஒன்றுக்குச் சேரும். மற்ற ஏழும் நன்றாகப் பிறப்பதால் ஒருவரும் காளையைச் சந்தேகப்படவில்லை. இருபது வருடம் நான் நடத்திய பாடம் அது. என் வீட்டுக் கொட்டகைச் சுவரில், எழுத்துப் பிழையோடு, என்னைவிட நன்றாக எழுதியிருந்தது.

காளையைச் சந்தேகப்படாத ஊர், பேச்சியம்மாளைச் சந்தேகப்பட்டது. பேச்சியம்மாள் எங்கள் தெருக்கோடியில் இருப்பவள். கணவன் இறந்தபின் இரண்டு பசுக்களை வைத்துப் பிழைத்தாள். அவள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு கிடாரிக் கன்றுகள் குருடாகப் பிறந்தன. அவள் கைராசி என்றார்கள். புருசனைத் தின்றவள் என்றார்கள். எதிரில் வந்தால் மாட்டைத் திருப்பி ஓட்டினார்கள். மாசிப் பொங்கலுக்குக் கோயிலில் எல்லாப் பெண்களும் பானை வைத்தபோது, அவளை ஓரமாக நிற்கச் சொன்னவர் தலைவர். நின்றாள். நானும் என் பானையோடு அங்கேதான் இருந்தேன்.

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு டார்ச்சு அண்ணன் எங்கள் தெருவில் நின்று போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கன்னு குருடாப் பொறந்தா பசு சரியில்லங்கிறீங்க. பசு சரின்னா வளத்தவ சரியில்லங்கிறீங்க. அந்தக் கன்னுக்கு அப்பன்னு ஒருத்தன் இல்லையா? அவன் யாருன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா? அவன் பருத்திக்கொட்டையத் தின்னுட்டு நெஞ்ச நிமித்தி நிக்கிறான். இந்தப் பிள்ள ஓரமா நிக்கணுமா?"

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. என் வீட்டு ஜன்னலை மாமியார் சாத்தினார். தலைவர் என் மாமனாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. எனக்கு மாமா முறை.

அடுத்த சொசைட்டிக் கூட்டத்துக்கு அண்ணன் நோட்டோடு வந்தார். சிங்காரத்தை இனிமேல் பசுவுக்கு விடக் கூடாது என்றார். தலைவர் சிரித்தார்.

"காளை இருக்குற வரைக்கும் இவருக்கு ஊசி ஓடாதுல்ல. அதான் அண்ணனுக்கு வயித்தெரிச்சல்."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் விடாமல், ஒரே ரத்தத்தில் சேர்த்தால் பழுது கூடும் என்று விளக்க ஆரம்பித்தார். அங்கேதான் தப்பு நடந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"அப்ப நான் எங்க அக்கா மகளக் கட்டுனது தப்புங்கிறியா?"

மாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "ஒங்க பிள்ளைகளக் கூப்புடுங்க, பாத்துச் சொல்றேன்" என்றார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அக்கா மகளைக் கட்டியவர்கள். மீதிப் பாதி, அவர்களுக்குப் பிறந்தவர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து போய் பால் அளக்கும் மிசினில் பட்டது. பெரியவர் அண்ணனின் சட்டையைப் பிடிக்க, அண்ணன் அந்த நிலையிலும் அவர் கண்ணில் டார்ச்சை அடித்து, "ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சத்தம் அடங்கியதும் தலைவர் என்னைப் பார்த்தார். "நம்ம டீச்சர் படிச்சவங்க. அவங்க சொல்லட்டும். காளையாலதான்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

அண்ணனும் என்னைப் பார்த்தார். கன்றின் கண்ணைப் பார்ப்பது போல, நம்பிக்கையாக.

நான் எழுந்து, "பரிசோதனை பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாதுங்க மாமா" என்றேன்.

பொய் இல்லாத வாக்கியம். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தால்தான் முழு உறுதி என்று மாட்டு டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் காளையை அதுவரை விட வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்லியிருந்தார். நான் முன்பாதியை மட்டும் சொன்னேன். என் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற வாக்கியம் அது.

அன்றோடு அண்ணனை யாரும் மாட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். மேலே எஸ்டேட் வீடுகளிலும் தேவாரம் பக்கமும்தான் அவர் பிழைப்பு நடந்தது. வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்துவார். "நல்லாருக்கீங்களா டீச்சரம்மா? ஸ்கூலெல்லாம் நல்லாப் போகுதுங்களா?" என்பார். அவ்வளவுதான். ஒரு திட்டு கிடையாது. அந்த மரியாதையில் என் முதுகு கூசும். நான்கு மாதம் அப்படி மரியாதையாக நடத்தப்பட்டேன்.

ஒரு நாள் காலையில், மோர் கொடுக்கிற சாக்கில் தலைவரின் மனைவி எங்கள் பின்வாசல் வழியாக வந்தார். எனக்கு அத்தை. பேசவே மாட்டாத மனுசி.

"அந்த டார்ச்சுத் தம்பிய வரச் சொல்லு ஆத்தா. ஒங்க மாமா கம்பத்துக்குப் போயிருக்காரு. வர்றதுக்குச் சாயங்காலம் ஆகும்."

போன் செய்தேன். எடுத்ததும் கேட்டார்: "இப்ப மட்டும் என் நெனப்பு வந்துச்சாக்கும்? என்ன, பரிசோதனையெல்லாம் முடிஞ்சு போச்சா?"

மனசு லேசானது. வந்தார். மூன்று பேரும் தலைவர் வீட்டுக் கொட்டகைக்குப் போனோம். சிங்காரத்தின் மகள் லட்சுமி. அதை அப்பனிடமே விட்டிருந்தார் தலைவர், நல்ல ரத்தம் வெளியே போகக் கூடாதென்று. முந்தின நாள் ஈன்றிருந்தது. கன்று தாயின் முன்னங்கால் நடுவில் மடியைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் திருப்பிக் காம்பில் வாயை வைத்துவிட்டு டார்ச்சை அடித்தார். நானே பார்த்தேன். இரண்டு கண்ணிலும் வெள்ளை.

"இது மூணாவது" என்றார் அத்தை.

"மொத ரெண்டும் எங்க?"

"பொறந்த வாரமே அடிமாட்டுக்கு ஜீப்புல ஏத்தி விட்டாரு. செத்துப் பொறந்துச்சுன்னு வெளிய சொன்னோம்."

"எப்ப?"

"பேச்சி வீட்டுல மொதக் கன்னு பொறக்குறதுக்கு முன்னாடியே."

அண்ணன் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த டார்ச்சு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைத்துவிட்டு, "தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பிள்ளைய ஓரமா நிக்கச் சொல்லிருக்காரு" என்றார். குரல் எழும்பவே இல்லை.

அவருக்கு வராத கோபம் எனக்கு வந்தது. ஜீப்பில் போன இரண்டு கன்றுகளும், கோயிலில் ஓரமாக நின்ற பேச்சியம்மாளும், என் பொய்யில்லாத வாக்கியமும் ஒன்றாகக் கண்முன் வந்தன. அடுத்த கூட்டத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சுருட்டுப் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மாட்டினேன். வகுப்பில் பேசுகிற குரலில், இரண்டு சீட்டுக் கதையை அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னேன். அக்கா மகள் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன்.

தலைவர் அசையவில்லை. "டீச்சருக்கும் ஊசியில பங்கு இருக்குபோல" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது வாசலில் அத்தை வந்து நின்றார், கையில் கயிறோடு. இருபத்தைந்து வருடத்தில் அவர் சொசைட்டிப் படி ஏறியதில்லை. கயிற்றை விட்டார். கன்று தலைவர் குரல் வந்த திசையில் நடந்தது. பெஞ்சில் இடித்தது. விலகியது. நேரே போய்த் தலைவர் நாற்காலியில் முட்டி நின்றது.

"இதுக்கு ஆத்தா நம்ம லச்சுமி" என்றார் அத்தை. "அப்பனும் நம்ம வீட்டுலதான் நிக்கிது. இதுக்கு முன்னாடி ரெண்டு போச்சு. பேச்சி வீட்டுப் பாவம் நம்ம வீட்டுக்கு எப்ப வந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கன்று தலைவரின் வேட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

தலைவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், கேட்ட மாதிரி ஒன்றைச் செய்தார். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினார். அவள் வெளியே வந்து, "மன்னிப்பெல்லாம் வேணாம். வர்ற மாசிக்கு மொதப் பானைய நான் வைப்பேன்" என்றாள். வைத்தாள். பெண்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால்தான் நின்றோம்.

சிங்காரத்துக்குக் காயடிக்க வேண்டியிருந்தது. மாட்டு டாக்டர் மருந்து கொடுத்துச் செய்தபோது அண்ணன்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒம்மேல ஒரு குத்தமும் இல்லப்பு. ஒனக்கு யாரும் சொல்லல" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச தூரத்தில் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழுகுறத அங்க போயி அழுவுங்க, காளை மெரளுது" என்று அவரைத் திட்டினார்.

பேச்சியம்மாளின் குருட்டுக் கிடாரிகளை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. கொட்டகையின் மூலை முடுக்கை அதுகளுக்குப் பழக்கினாள். பெரியது பருவத்துக்கு வந்தபோது, சிங்காரத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத வெளியூர்க் காளையின் குழல் ஒன்றை அண்ணன் தேடிக் கொண்டுவந்தார். கன்று பிறந்ததும் டார்ச்சு அடித்தார். கறுப்புக் கண்மணி, பளிச்சென்று இருந்தது. பேச்சியம்மாள் அழுதாள்.

"எதுக்கு அழுகுற? கண்ணு தெரியும். ஆனா ஆத்தா குடுத்த பழுது சீட்டு உள்ள கெடக்கு. இதையும் வெளிக்காளைக்குத்தான் விடணும், நோட்டுல எழுதிட்டேன். ஒறவுல விட்ட, அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார்.

போன மழைக்காலத்தில், போடிமெட்டு மலைப்பாதையில் ஒரு வளைவில் மொபெட் வழுக்கி விழுந்தார். வலது தோள் எலும்பு முறிந்தது. மேலேயிருந்து லோடு ஏற்றி வந்த ஜீப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்த் தேனியில் சேர்த்தார்கள். மத்தியானம் விசயம் தெரிந்தது. நான் போய்ச் சேரும்போது வார்டு வராந்தா முழுக்க எங்கள் ஊர். பேச்சியம்மாள், அத்தை, சட்டையைப் பிடித்த பெரியவர், டீக்கடைக்காரர், எஸ்டேட் கங்காணி. தலைவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.

கட்டுப் போட்ட கையோடு அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். சுவரில் மணி நாலரை.

"பால் பீச்சுற நேரத்துல இங்க என்ன சோலி ஒங்களுக்கு? மாடெல்லாம் மடி கட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டு நிக்கும். அறிவிருக்கா ஒரு ஆளுக்காவது? டீச்சர், நீங்களுமா? போங்க, வெரசாக் கெளம்புங்க எல்லாரும்."

சரிங்கண்ணே, சரிங்கண்ணே என்றோம். அன்று எங்கள் ஊர்ப் பால் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.